தரை தொடாத இரண்டு குழந்தைகள்

போன மாதம் அடையாறில் குழந்தைகளுக்கான சிகிச்சை மையம் ஒன்றைத் திறந்தார்கள். பழைய ஆள் என்ற மரியாதைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். தரை முழுக்க வண்ண மெத்தை, சுவரில் பிடித்து ஏறுவதற்குப் பிளாஸ்டிக் மேடுகள், கூரையிலிருந்து தொங்கும் வலை ஊஞ்சல். எல்லாமே அழகாக இருந்தன. காபி குடித்துக்கொண்டிருந்தபோது, அங்கே புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த ஒரு பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மேடம், வசதியில்லாத வீட்டுக் குழந்தைங்களுக்குத்தான் கை கால் திறன் மெதுவா வரும்னு படிச்சிருக்கோம். நீங்க வசதியான வீடு, வசதியில்லாத வீடு ரெண்டுக்கும் போனவங்க. அது உண்மையா?"

உண்மை என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. பதில் கொஞ்சம் நீளம் என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். அவளுக்குச் சொல்லாமல் வந்த பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் பிசியோதெரபிஸ்ட். படித்து முடித்துப் பல வருடங்கள் உடைந்த எலும்புகளோடும் தேய்ந்த முழங்கால்களோடும்தான் காலம் போனது. நாற்பது வயதில், தொண்ணூறுகளின் தொடக்கத்தில், மயிலாப்பூரில் ஒரு அறக்கட்டளை நடத்திய குழந்தைகள் மருத்துவமனைக்கு மாறினேன். கோயில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், பழைய வீடு ஒன்றின் கீழ்ப்பகுதியில், அவர்களுடைய வளர்ச்சிப் பிரிவு இருந்தது. அதன் தலைவர் டாக்டர் நிர்மலா. என்னைவிட எட்டு வயது இளையவர். என்னை "அக்கா" என்று கூப்பிடுவார். நான் அவரை "டாக்டர்" என்றுதான் கூப்பிட்டேன், கடைசி வரைக்கும்.

அவர் குழந்தையைப் பார்க்கும் விதத்தை நான் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிறகு வேறு யாரும் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. அறையில் மேஜை நாற்காலி உண்டு, ஆனால் அவர் அதில் உட்கார மாட்டார். செருப்பையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி ஜன்னலில் வைத்துவிட்டுக் கோரைப் பாயில் சம்மணமிட்டு உட்காருவார். குழந்தையை உடனே தொட மாட்டார், முகத்தைக்கூடப் பார்க்க மாட்டார். தாயிடம் ஒரே ஒரு கேள்வி: "நேத்து காலையில குழந்தை கண்ணு முழிச்சதுலேர்ந்து ராத்திரி தூங்கற வரைக்கும் என்னென்ன நடந்ததுன்னு சொல்லுங்க." தாய் சொல்லச் சொல்ல, கடைக்கண்ணால் குழந்தையைக் கவனித்துக்கொண்டே இருப்பார். அது எந்தக் கையை முதலில் நீட்டுகிறது, எதன் மேல் சாய்கிறது, பயந்தால் எங்கே ஒட்டிக்கொள்கிறது. குழந்தை தானாக ஊர்ந்து அவர் மடியருகே வந்த பிறகுதான் கை வைப்பார். அதுவும் தாயின் மடியிலேயே வைத்துக்கொண்டு, விளையாட்டு போல. "லேட்" என்ற சொல்லை அந்த அறைக்குள் யாரும் சொல்லக் கூடாது என்பது அவருடைய சட்டம். "யாருக்கு லேட்? எந்த ரயிலுக்கு?" என்று கேட்பார்.

வாரத்தில் சில நாட்கள் நாங்கள் வெளியே போவோம். மயிலாப்பூரில் ஒரு நர்சரிப் பள்ளி, அடையாற்றங்கரைக் குடிசைப் பகுதியில் ஒரு பால்வாடி. இரண்டிலும் மூன்று நான்கு வயதுக் குழந்தைகள். கோட்டின் மேல் நடக்கச் சொல்வோம், ஒற்றைக் காலில் நிற்கச் சொல்வோம், மணி கோக்கச் சொல்வோம், பென்சில் கொடுத்து வட்டம் போடச் சொல்வோம். நர்சரிக் குழந்தைகள் வட்டத்தை அழகாகப் போட்டுவிட்டு, ஒற்றைக் காலில் நின்றதும் பொத்தென்று விழுந்தார்கள். ஆற்றங்கரைக் குழந்தைகள் நொண்டியடித்து முற்றத்தையே சுற்றி வந்தார்கள், ஆனால் பென்சிலை உலக்கையைப் பிடிப்பது போலப் பிடித்தார்கள். பார்த்தவுடன் ஒரு கணக்குப் போட்டுவிடலாம் போலத் தோன்றும். ஆனால் அந்த ஆற்றங்கரையிலேயே, ரத்தசோகையாலும் ஓயாத பேதியாலும் கால் பலமிழந்து, மற்றவர்கள் ஓடுவதை வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த குழந்தைகளும் இருந்தார்கள். வறுமை எந்தக் குழந்தைக்கும் நல்லது செய்வதில்லை. செய்கிற கெடுதலைத்தான் வீட்டுக்கு வீடு வேறு மாதிரி செய்கிறது.

இனி அஞ்சலையின் மகள் கதைக்கு வருகிறேன்.

ஒரு ஆடி மாதச் செவ்வாய்க்கிழமை அஞ்சலை வந்தாள். இருபத்து நான்கு இருபத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான, நிமிர்ந்த பெண். இடுப்பில் குழந்தை, பெயர் ரேவதி. இரண்டு வயது ஆகப்போகிறது, இன்னும் எழுந்து நிற்கவில்லை. வேறொரு இடத்தில் காட்டியிருக்கிறார்கள். அங்கே அவசரமாகப் பார்த்தவர் மூளை வளர்ச்சி இல்லை, நடக்காது என்று சொல்லிவிட்டார். ஊனமுற்ற குழந்தைகளுக்கான விடுதி ஒன்றில் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். அவள் கணவனும் அரை மனதாகச் சம்மதித்துவிட்டான்.

"அதுக்கு முன்னாடி இன்னொரு வாட்டி யாருக்கினா காட்டிடலாம்னுதான் வந்தேன் மேடம்," என்றாள். அழவில்லை. அழுது முடித்துவிட்டு வந்த முகம் அது.

டாக்டர் வழக்கம் போலக் கேட்டார். "நேத்து ஒரு நாள் எப்படிப் போச்சு, சொல்லுங்க."

"காலைல அஞ்சு மணிக்கு எழுந்து சோறாக்கி வச்சிட்டு, இதுக்கு ஊட்டிட்டு, நான் வேலைக்குப் பூடுவேன். சாயங்காலம் இருட்டறப்போதான் வருவேன். அதுவரைக்கும் அவங்கப்பா பாத்துக்குவாரு."

"நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?"

"வூட்டு வேலைதான். தி.நகர்ல."

அம்மா பேசிக்கொண்டிருந்தபோது ரேவதி பாயின் ஓரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து கோரையை இழை இழையாக எடுத்தன. டாக்டரின் பார்வை அந்த விரல்களை விட்டு நகரவில்லை. கையை நீட்டி, வாய் குறுகிய ஒரு பிளாஸ்டிக் பாட்டிலையும் சில புளியங்கொட்டைகளையும் குழந்தை முன்னால் வைத்தார். புளியங்கொட்டை வாய்க்குப் போய்விடக் கூடாதே என்று அருகிலேயே கையை வைத்துக்கொண்டார். ரேவதி ஒரு கொட்டையை எடுத்தாள். பாட்டிலின் வாயில் வைத்துத் தள்ளினாள். உள்ளே விழுந்த சத்தத்துக்குத் தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தாள். மறுபடி ஒன்று, இன்னொன்று. எல்லாம் தீர்ந்ததும் பாட்டிலுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள், எட்டவில்லை. ஒரு நிமிடம் சும்மா இருந்தாள். பிறகு பாட்டிலை இரண்டு கையாலும் தூக்கிக் கவிழ்த்தாள். கொட்டைகள் பாயில் சிதறின.

"அக்கா, பார்த்தீங்களா?" என்றார் டாக்டர், மூச்சு விடுவது போல. "யார் சொன்னது மூளை வளரலைன்னு?"

அதற்குப் பிறகுதான் அவர் குழந்தையைத் தொட்டார். அக்குளில் பிடித்துத் தூக்கிக் கால்கள் எப்படித் தொங்குகின்றன என்று பார்த்தார். இடுப்பு மூட்டை மெதுவாக விரித்துப் பார்த்தார். தொடை மடிப்புகள் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கின்றனவா, முதுகுத்தண்டு நேராக இருக்கிறதா, மணிக்கட்டில் எலும்பு தடித்திருக்கிறதா. முழங்காலில் சுத்தியலுக்குப் பதில் தன் விரலால் தட்டினார்; ரேவதி சிரித்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று இடுப்புக்கு எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை. எல்லாம் வந்த பிறகு சொன்னது இதுதான்: ரத்தம் கொஞ்சம் குறைவு, தொடையில் சதை இல்லை, மற்றபடி நரம்பிலும் எலும்பிலும் குறை இல்லை.

"அப்போ ஏன் மேடம் நிக்க மாட்டேங்குது?"

"அதைத்தான் உங்க வீட்டுக்கு வந்து பார்க்கணும்."

சனிக்கிழமை போனோம். கோட்டூர்புரம் பாலத்தின் அருகில், கரைச் சரிவிலேயே இறங்கியிருந்த வரிசை வீடுகளில் கடைசி வீடு. வாசலைத் தாண்டினால் நாலு எட்டில் தண்ணீர். உள்ளே ஒரு கயிற்றுக் கட்டில், அதன் பக்கத்தில் மண்ணெண்ணெய் அடுப்பு, மிச்ச இடத்தில் ஒரு ஆள் குறுக்கிப் படுக்கலாம். அங்கே அவள் கணவன் ஏழுமலை படுத்திருந்தான். காய்கறி மார்க்கெட்டில் ராத்திரி முழுக்க லாரியிலிருந்து மூட்டை இறக்குகிறவன். பகலில்தான் தூக்கம். கட்டிலின் மேல் ரேவதி உட்கார்ந்து கயிற்றின் நாரை இழை இழையாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவள் இடுப்பில் ஒரு பழைய புடவை சுற்றி, மறுமுனை கட்டில் காலில் கட்டியிருந்தது.

சத்தம் கேட்டு ஏழுமலை எழுந்தான். எங்கள் பார்வை போன இடத்தைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது.

"கட்டி வச்சிக்கினு கீறானேன்னு நெனைக்காதீங்க மேடம். போன மழைக்குப் பக்கத்து வூட்டுக் கொழந்தை, இதே வயசுதான், தவழ்ந்துகினே போய் தண்ணில வுழுந்துடுச்சு. நான்தான் எறங்கித் தூக்கினேன். உயிர் இல்ல. நான் கண்ணசந்துட்டா எனக்கே தெரியாது மேடம். வேற இன்னா பண்றதுன்னு எனக்குத் தெர்ல."

ஏதாவது கடிந்து சொல்லிவிடுவாரோ என்று நான் டாக்டரைப் பார்த்தேன். அவர் அந்த முடிச்சைக் குனிந்து தொட்டுப் பார்த்தார். குழந்தையின் தோல் உரசாமல் இருக்க, முடிச்சுக்கு அடியில் துணியை நாலாக மடித்து வைத்திருந்தான் ஏழுமலை.

"நீங்க கட்டினதாலதான் இவ உயிரோட இருக்கா," என்றார் டாக்டர். "இவ மூளை நல்லா இருக்கு, காலும் நல்லா இருக்கு. ஊன்றதுக்குத் தரைதான் இல்லை. விடுதிக்கு அனுப்ப வேண்டாம். பொங்கல் வரைக்கும் எனக்கு டைம் குடுங்க."

ஏழுமலை தலையாட்டினான். வெளியே வந்து பாலத்தில் ஏறும்போது டாக்டர் சொன்னார்: "டைம் கேட்டுட்டேன் அக்கா. தரைக்கு எங்கே போறது?"

அடுத்த வாரம் வேறொரு குழந்தை. பெயர் வருண், இரண்டேகால் வயது, தி.நகரில் ஒரு அடுக்குமாடி வீடு. அம்மா ஜெயஸ்ரீ வங்கியில் அதிகாரி. பையன் வாய் ஓயாமல் பேசுகிறான், பாட்டெல்லாம் சொல்கிறான், ஆனால் நாலு அடி நடந்தால் உட்கார்ந்துவிடுகிறான், படியென்றால் அலறுகிறான் என்று தொலைபேசியில் சொன்னார். மருத்துவமனைக்கு வருவதற்கு முன் வீட்டைப் பார்த்துவிட்டு வரும்படி டாக்டர் என்னை அனுப்பினார். 5பி பஸ்ஸில் போய், பாண்டி பஜார் நெரிசலைத் தாண்டி, மூன்றாவது மாடியில் மணியை அடித்தேன்.

கதவைத் திறந்தது அஞ்சலை. இடுப்பில் அந்தப் பையன்.

தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதீர்கள் என்பது போல அவள் தலையை அசைத்தாள். உள்ளேயிருந்து "யாரு அஞ்சலை?" என்று ஜெயஸ்ரீயின் குரல் வந்தது. நான் என்னை அறிமுகம் செய்துகொண்டு உள்ளே போனேன். கண்ணாடி மாதிரி மொசைக் தரை. கூடத்தில் மட்டும் அஞ்சலையின் வீடு நாலு அடங்கும். பையன் அதில் கால் வைக்கவே இல்லை. நான் இருந்த நேரம் முழுக்க அஞ்சலையின் இடுப்பிலேயே இருந்தான். பால் குடித்தது, பொம்மை பார்த்தது, பருப்புச் சாதம் சாப்பிட்டது எல்லாம் அங்கேயே. அவன் வாயைத் திறந்தால் போதும், சாதம் வந்துவிடும்.

"தரை ரொம்ப வழுக்கறது," என்றார் ஜெயஸ்ரீ. "குழந்தையாச்சே, ஒரு தடவை விழுந்து உதடு கிழிஞ்சு ரத்தமாக் கொட்டிடுத்து. அன்னிலேர்ந்து கீழயே விடாதேன்னு இவகிட்ட சொல்லி வெச்சிருக்கேன். பாவம், நாள் பூரா தூக்கிண்டே இருக்கா."

கிளம்பும்போது அஞ்சலை கதவு சாத்துகிற சாக்கில் படிவரை வந்தாள்.

"மேடம், உங்க கால்ல வுழறேன். எனக்குக் கொழந்தை கீதுன்னு இந்த வூட்ல தெரியாது. கைக்கொழந்தைக்காரின்னா யாரும் வேலைக்கு வச்சிக்க மாட்டாங்க. இல்லன்னு சொல்லித்தான் சேந்தேன்."

"நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன் அஞ்சலை," என்றேன்.

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு மனசு ஆறவில்லை. இறக்கிவிட ஆளில்லாமல் ஒரு குழந்தை கட்டிலில், இறக்கிவிட மனமில்லாமல் ஒரு குழந்தை இடுப்பில். இரண்டுக்கும் நடுவே ஒரே பெண். டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "நாமே ஜெயஸ்ரீகிட்ட எடுத்துச் சொன்னா என்ன? நல்ல மாதிரிதான் தெரியுது," என்று கேட்டேன்.

"வேண்டாம் அக்கா. அது அஞ்சலையோட விஷயம். அவங்க வாயாலதான் வரணும். நம்ம வாயால வந்தா அது காட்டிக் குடுக்கறது."

வெள்ளிக்கிழமை ஜெயஸ்ரீ பையனை அழைத்து வந்தார். தூக்கி வந்தது அஞ்சலைதான். பாயில் இறக்கிவிட்டதும் வருண் இரண்டு கையையும் அவள் பக்கம் தூக்கினான். டாக்டர் புளியங்கொட்டையும் பாட்டிலும் வைத்தார். அவன் முழு உள்ளங்கையால் கொட்டைகளை வாரினான், எல்லாம் சிந்தின. மறுபடி வாரினான். பிறகு ஜெயஸ்ரீயைப் பார்த்து, "அம்மா, நீ போடு," என்றான், தெளிவான உச்சரிப்பில்.

டாக்டர் வெகுநேரம் பார்த்தார், தொட்டுப் பார்த்தார், நடக்கவிட்டுப் பார்த்தார்.

"ஒரு நோயும் இல்லைம்மா."

"நாங்க எதுலயும் குறை வெக்கலை டாக்டர்."

"தெரியுது. குறை இல்லை, கூடிப் போச்சு. இவன் கைக்கும் காலுக்கும் செய்ய வேலையே மிச்சம் வைக்கலை நீங்க. தரையில விடுங்க. விழட்டும், எழுந்துக்கட்டும். சாதத்தை அவனே பிசைஞ்சு சிந்தட்டும். முக்கியமா இவன் வயசுல இன்னொரு குழந்தை கூட இருக்கணும். நாங்க ஒரு மாசம் பயிற்சி குடுத்து வர்றதை இன்னொரு குழந்தை ஒரு வாரத்துல வர வச்சிடும்."

"ஃபிளாட்ல எல்லாம் பெரிய பசங்க. அவன் வயசுக் குழந்தைக்கு நான் எங்கே போவேன்?"

டாக்டர் பாய்க்கு அடியில் ஓடிவிட்ட புளியங்கொட்டையைத் தேட ஆரம்பித்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். யாரும் அஞ்சலையைப் பார்க்கவில்லை. சுவரோரம் நின்றிருந்தவள் தன் சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"எனக்கு ஒண்ணு கீதும்மா," என்றாள்.

ஜெயஸ்ரீ திரும்பினார். "என்ன?"

"கொழந்தை. பொண்ணு. நம்ம வருண் வயசுதான். அதுவும் நடக்கல."

ஜெயஸ்ரீயின் முகம் சிவந்தது.

"ஒரு வருஷமா எங்காத்துல இருக்கே. குழந்தை இல்லைன்னு எங்கிட்ட பொய் சொல்லிண்டு..."

"ஆமாம்மா. சொன்னேன்." என்றாள் அஞ்சலை. "நெஜத்தைச் சொல்லியிருந்தா என்னைச் சேத்திருப்பீங்களா?"

அதற்கு ஜெயஸ்ரீ சொன்ன பதிலுக்காக இன்றும் அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. நழுவியிருக்கலாம். கோபப்பட்டு எழுந்தும் போயிருக்கலாம்.

"இல்லை," என்றார். "சேர்த்திருக்க மாட்டேன்." பிறகு, "அது இப்போ எங்கே இருக்கு?" என்றார்.

அஞ்சலை சொன்னாள். ஏழுமலையின் தூக்கத்தை, ஆற்றை, கட்டிலை, புடவையை, எதையும் மறைக்காமல் சொன்னாள். ஜெயஸ்ரீ கேட்டுக்கொண்டே தன் மகனின் காலைப் பார்த்தபடி இருந்தார். முடிவில் அவர் சொன்னது ஒரே வரி: "திங்கக்கிழமைலேர்ந்து அழைச்சுண்டு வா."

அவர்கள் போன பிறகு டாக்டரிடம் கேட்டேன், இதை எதிர்பார்த்துத்தான் இன்னொரு குழந்தை வேண்டும் என்று சொன்னீர்களா என்று. "அது நிஜமாவே வேணும் அக்கா. பொய் சொல்லலை. அஞ்சலை பேசாம இருந்திருந்தா நான் வேற வழி தேடியிருப்பேன். ஆனா என்ன தைரியம், பார்த்தீங்களா!" என்றார். அவர் கண் நிறைந்திருந்தது.

முதல் வாரம் எதுவும் நடக்கவில்லை. அவ்வளவு பெரிய தரையை ரேவதி பார்த்ததே இல்லை. இறக்கிவிட்ட இடத்திலேயே, யாரோ கட்டி வைத்தது போல உட்கார்ந்திருந்தாள். வருணோ அஞ்சலையின் இடுப்பு பறிபோன கோபத்தில் அழுதான். நான் வாரம் இரண்டு முறை போனேன். வழுக்காமல் இருக்கக் கூடத்தில் ஜமக்காளம் விரித்தோம். ரேவதியை முழங்காலில் நிறுத்தி, சோபாவின் மேல் அவளுக்குப் பிடித்த பாட்டிலை வைத்தோம். எட்டிப் பிடிக்க எழுந்தாக வேண்டும். தலையணைகளைக் குவித்து மேடு செய்தோம். வருணுக்குப் பச்சைப் பட்டாணி உரிக்கிற வேலை, சப்பாத்தி மாவு உருட்டுகிற வேலை. தினம் ஒரு முட்டையும் கீரையும் இரும்புச்சத்து டானிக்கும் ரேவதிக்கு. முட்டை மட்டும் அஞ்சலை வீட்டிலேயே அவித்து எடுத்து வருவாள். ஜெயஸ்ரீ வீட்டில் அது நுழையாது, ஆனால் பால்கனியில் ஊட்டினால் பார்க்காத மாதிரி இருந்துவிடுவார்.

ஒருநாள் வருண் ஜமக்காளத்தில் சிந்திய பட்டாணியை ரேவதி ஒவ்வொன்றாகப் பொறுக்குவதைப் பார்த்தான். கொஞ்ச நேரம் அவள் விரல்களையே பார்த்தான். பிறகு தானும் இரண்டு விரலால் முயன்றான். நான் பல நாள் காட்டியும் வராதது அது. அவன் பாட்டுச் சொன்னால் அவள் வாயைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். தீபாவளிக்குள் அவளுக்கு நிறையச் சொல் வந்துவிட்டது. அதில் பாதி அஞ்சலை வீட்டுத் தமிழ், பாதி ஜெயஸ்ரீ வீட்டுத் தமிழ். "இன்னா பண்ணிண்டு கீறே?" என்று அவள் கேட்டபோது ஜெயஸ்ரீ சிரித்த சிரிப்பில் அஞ்சலையும் வாய்விட்டுச் சிரித்தாள்.

வேலைக்காரி குழந்தை லிஃப்டில் வருகிறது, மொட்டை மாடியில் விளையாடுகிறது என்று அக்கம்பக்கத்தில் முணுமுணுப்பு வந்தது. "அவ எங்காத்துக் குழந்தைக்கு சிகிச்சை. டாக்டர் எழுதிக் குடுத்திருக்கா," என்று ஜெயஸ்ரீ ஒரே போடாகப் போட்டாராம். டாக்டரிடம் சொன்னபோது, "அதுவும் நிஜம்தானே!" என்றார்.

மழை தொடங்கியது. ஆறு ஏறிய நாட்களில் அஞ்சலையும் ஏழுமலையும் மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்தில் போய்த் தங்கினார்கள். அந்த நாட்களிலும் காலையில் அஞ்சலை நனைந்த சேலையோடு, உலர்ந்த துணியில் சுற்றிய குழந்தையோடு தி.நகருக்கு வந்து நின்றாள். ஒரு நாளும் விடவில்லை.

மார்கழியில் ஒரு விடுமுறை நாள். டாக்டரும் நானும் அங்கே போயிருந்தோம். ரேவதி சோபாவைப் பிடித்து நின்றுகொண்டிருந்தாள். அது வரை வந்திருந்தாள், அதற்கு மேல் போகவில்லை. வருண் கூடத்தின் நடுவில் சிவப்புப் பந்தோடு உட்கார்ந்திருந்தான். அவள் பந்தைப் பார்த்தாள். "தா," என்றாள். அவன், "தர மாட்டேன்," என்றான். அவ்வளவுதான். ரேவதி சோபாவை விட்டுவிட்டு நேராக நடந்து போய்ப் பந்தைப் பிடுங்கிக்கொண்டாள். தான் நடந்ததே அவளுக்குத் தெரியவில்லை. திரும்பியும் நடந்தாள். வருண் ஆத்திரத்தோடு எழுந்து ஓடினான், அவன் ஓடி நாங்கள் பார்த்ததே இல்லை. ஜமக்காளத்தின் மடிப்பில் கால் தடுக்கி முகம் குப்புற விழுந்தான்.

அஞ்சலை பாய்ந்து தூக்கப் போனவள், டாக்டர் கையைக் காட்டியதும் நின்றுவிட்டாள். நான் ஜெயஸ்ரீயைப் பார்த்தேன். அவர் தன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். விரல் கணுக்கள் வெளுத்திருந்தன. வருண் தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தான், அஞ்சலையைப் பார்த்தான். யாரும் வரவில்லை. கையை ஊன்றி எழுந்து, மறுபடி பந்தைத் துரத்திக்கொண்டு ஓடினான்.

அப்போதுதான் அஞ்சலை அழுதாள். அந்த ஆடி மாதச் செவ்வாய்க்கிழமையிலிருந்து அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

விடுதிப் பேச்சு அதோடு நின்றது. பொங்கலுக்கு மறுநாள் ஏழுமலை மயிலாப்பூருக்கே வந்துவிட்டான், கையில் மஞ்சள் கொத்தோடும் கரும்போடும். சந்தோஷம் தாங்காமல் சிரித்தான், பிறகு தயங்கினான்.

"தப்பா எடுத்துக்காதீங்க டாக்டர். ஞாயித்துக்கிழமைல வூட்ல கீறப்போ இப்போ நிக்கவே மாட்டேங்குது, ஓடுது. தண்ணி அங்கேயே கீது. இனிமே கட்டவும் மனசு வர்ல. நான் இன்னா பண்றது?"

"இதை நான் யோசிக்கலை ஏழுமலை," என்றார் டாக்டர். ஒரு டாக்டர் மூட்டை தூக்குகிறவரிடம் அப்படிச் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. "ரேவதி மட்டும் இல்லை, அந்த வரிசையில எல்லாக் குழந்தையும் இப்படித்தான் இருக்கும். வாங்க, போய்ப் பார்ப்போம்."

பார்த்தோம். பால்வாடிக்குப் பின்னால் குப்பை கொட்டிக் கிடந்த ஒரு துண்டு மேடு இருந்தது. பால்வாடி மூன்று வயதுக்கு மேல்தான் சேர்க்கும். அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு அங்கே இடமில்லை. அனுமதிக்காக டாக்டர் ஏறாத ஆபீஸ் இல்லை. அது கிடைத்ததும், ஏழுமலையும் அவனோடு மூட்டை இறக்குகிறவர்களும் வேலை முடிந்து வந்த கையோடு குப்பையை வாரினார்கள், சவுக்குக் கம்பு நட்டுத் தட்டி அடைத்தார்கள், மண்ணைக் கெட்டிப்படுத்திச் சிமெண்டு பூசினார்கள். ராத்திரி வேலைக்குப் போகிற ஆண்கள் ஆளுக்கொரு நாள் பகலில் காவல் என்று அவர்களே முறை வைத்துக்கொண்டார்கள். அந்த வருடம் முழுக்க எங்கள் பிரிவுக்கு அந்தக் கரையிலிருந்து நடக்காத குழந்தை என்று புதிதாக ஒன்று வரவில்லை.

பங்குனி வெயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் டாக்டரும் போனோம். அன்று ஏழுமலையின் முறை. உள்ளே குழந்தைகளின் கூச்சல் காதைத் துளைத்தது. தட்டிக்குக் கதவு இன்னும் போடவில்லை. அந்த வாசலில் குறுக்காக ஏழுமலை படுத்திருந்தான். தலை ஒரு கம்பில், கால் மறு கம்பில். நல்ல தூக்கம். ரேவதி அவன் வயிற்றின் மேல் இரண்டு கையையும் ஊன்றி, ஒரு காலைத் தூக்கிப் போட்டு, ஏறி, அந்தப் பக்கம் இறங்கினாள். திரும்பி, மறுபடி ஏறி, இந்தப் பக்கம் இறங்கினாள். அவன் தூக்கத்திலேயே ஒரு கையால் அவள் பாவாடையைப் பிடித்தான், அவள் உள்ளே இறங்கியதும் விட்டான்.

நான் அவனை எழுப்பக் குனிந்தேன். டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இருங்க அக்கா," என்றார் மெதுவாக. "அவ படி ஏறக் கத்துக்கறா."